முதுகுப்பையோடு ஒரு பகல்: காட்டு வழியில் நடப்பதும் விலங்குகளைக் காண்பதும்

காட்டுப் பாதையில் ஒரு பகலைக் கழிக்கத் திட்டமிடுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, எத்தனை கிலோமீட்டர் நடக்கலாம் என்பதைத்தான். விலங்குகளையும் பறவைகளையும் காண்பது நோக்கமானால், எத்தனை மணி நேரம் நின்று பார்க்க முடியும் என்று கேட்டுக்கொள்வதே பொருத்தம். வேகமாக நடப்பவர் சருகு மிதிபடும் ஓசையிலேயே சுற்றியிருக்கும் உயிரினங்களை விரட்டிவிடுகிறார். தூரத்தைக் கூட்டிக்கொண்டு நேரம் போதாமல் போனவர், பெரிய விலங்குகள் பாதைக்கு வரும் அந்தி வேளையில், களைத்த கால்களோடு அவசரமாக இறங்குகிறார். தூரத்தைக் குறைத்து நேரத்தைக் கூட்டிக்கொள்வது, நிறையப் பார்ப்பதற்கும் பத்திரமாகத் திரும்புவதற்கும் ஒருசேர உதவும்.

நேரத்தைக் கணக்கிடுதல்

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892-இல் வகுத்த கணக்கு இன்றும் மலைநடைக்காரர்களின் கையில் இருக்கிறது. சமதளத்தில் மணிக்கு ஏறக்குறைய 5 கிலோமீட்டர்; ஏறும் ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். இதன்படி 10 கிலோமீட்டர் நீளமும் 600 மீட்டர் ஏற்றமும் உள்ள பாதைக்கு மூன்று மணி நேரம் பிடிக்கும். ஆனால் இது பழக்கமுள்ளவர் நல்ல பாதையில் எங்கும் நிற்காமல் நடக்கும் கணக்கு. விலங்குகளைப் பார்க்கச் செல்பவர் இதை இரட்டிப்பாக்கி ஆறு மணி நேரம் என்று வைத்துக்கொள்வது நல்லது. குழுவில் புதியவர் ஒருவர் இருந்தாலும் அவருடைய நடைக்கு ஏற்பவே கணக்கிட வேண்டும்.

கிளம்புவதற்கு முன்பே திரும்பும் நேரத்தை முடிவு செய்துகொள்ளுங்கள். காலை ஆறு மணிக்கு விடிந்து மாலை ஆறு மணிக்கு இருட்டும் நாளில், பகல் பன்னிரண்டு மணிக்கு எந்த இடத்தில் இருந்தாலும் திரும்புவது என்று வைத்துக்கொண்டால், வழியில் கால் பிசகினாலும் மழை பிடித்தாலும் கையில் சில மணி நேரம் மிஞ்சும். அருவியோ சிகரமோ இன்னும் அரை மணி நேரத் தொலைவில்தான் இருக்கிறது என்ற நிலையில் இந்த முடிவைக் காப்பது கடினம். அதனால்தான் அதைக் களைப்பில்லாத காலையிலேயே, குழுவினர் அனைவர் முன்னிலையிலும் எடுத்துவிட வேண்டும்.

பாலூட்டிகளில் பல விடியலிலும் அந்தியிலும் அதிகம் நடமாடுகின்றன. இதைக் கேள்விப்பட்டுப் பலர் இருட்டிலேயே காட்டுக்குள் நுழைந்துவிடுகிறார்கள். யானை, கரடி, பெரும்பூனை இனங்கள் உள்ள காட்டில் அப்படிச் செய்வது ஆபத்து. முப்பது அடி தூரத்தில் நிற்கும் யானைகூட இருட்டில் ஒரு புதர்போலவே தெரியும். பாதை தெளிவாகத் தெரியும் அளவுக்கு வெளிச்சம் வந்த பிறகு அடியெடுத்து வைத்தாலும் காலை வேளையின் நல்ல பகுதி கையில் இருக்கும். வெயில் ஏறியதும் பாலூட்டிகள் நிழலில் ஒதுங்கிவிடும். அப்போது பாறையில் வெயில் காயும் ஓணான்களும், ஈர மண்ணில் கூடி உப்புச்சத்தை உறிஞ்சும் வண்ணத்துப்பூச்சிகளும், சூடேறி மேலெழும் காற்றில் சிறகடிக்காமல் வட்டமிடும் கழுகுகளும் பார்வைக்கு வரும். நண்பகலில் பார்க்க ஒன்றுமில்லை என்பது தவறான எண்ணம்.

செல்லும் இடத்துக்கு அனுமதி தேவையா, பாதை அந்தப் பருவத்தில் திறந்திருக்கிறதா, வழிகாட்டி கட்டாயமா என்பவற்றை முதல் நாளே விசாரித்துவிட வேண்டும். அதைவிடப் பயனுள்ளது, அன்று காலை அந்தப் பகுதி வனப் பணியாளரிடமோ காட்டோரத்தில் வாழ்பவரிடமோ, முந்தைய நாள் எங்கே எந்த விலங்கு தென்பட்டது, குட்டியோடு எது திரிகிறது என்று கேட்டறிவது. அவர் ஒரு வழியில் போக வேண்டாம் என்றால் காரணம் கேட்டு வாதாடாமல் வேறு வழியில் செல்லுங்கள். எந்தப் பாதையில் போகிறோம், எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் தேடத் தொடங்க வேண்டும் என்பதை ஊரில் இருக்கும் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்படுவதும் அவசியம்.

பையில் என்ன, உடலில் என்ன

ஒரு பகலுக்கு 20 முதல் 30 லிட்டர் கொள்ளளவுள்ள பை போதும். எடை உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருந்தால் நடை சுகமாக இருக்கும். கனமான பொருள்களை முதுகை ஒட்டி, நடு உயரத்தில் வைக்க வேண்டும். இடுப்புப் பட்டையை வயிற்றில் அல்லாமல் இடுப்பெலும்பின் மேல் இறுக்கினால், பாரத்தின் பெரும்பகுதி தோளை விட்டு இடுப்புக்கு இறங்கிவிடும்.

தண்ணீர்தான் பையின் பெரிய எடை. மிதமான வெயிலில் நடக்கும் ஒருவருக்கு மணிக்கு அரை லிட்டர் தேவைப்படும். கடும் வெயிலில் அது ஒரு லிட்டரை நெருங்கலாம். ஆறு மணி நேர நடைக்கு மூன்று லிட்டர், அதாவது மூன்று கிலோ. ஓடைத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக ஓடினாலும் அப்படியே குடிக்கக் கூடாது. அதைக் கொதிக்க விட்டு, கொதி வந்த பின் ஒரு நிமிடம் விட வேண்டும். 2,000 மீட்டருக்கு மேலான உயரத்தில் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடுவதால் மூன்று நிமிடம் தேவை. குளோரின் மாத்திரையானால் உறையில் குறிப்பிட்டுள்ள நேரம் காத்திருக்க வேண்டும். பெரும்பாலும் அது அரை மணி நேரம். வியர்வை அதிகமாக இருக்கும் நாளில் வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருப்பதும் நல்லதல்ல என்பதால் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். அடிவாரத்தில் வியர்த்தவர் முகட்டில் நடுங்குவது இதனால்தான். ஒரே தடித்த சட்டையைவிட, கழற்றவும் போடவும் வசதியான மெல்லிய அடுக்குகள் மேல். நனைந்த பருத்தி எளிதில் காயாது, உடல் சூட்டையும் இழக்கச் செய்யும். குளிர் மலைகளில் அதைத் தவிர்க்க வேண்டும். நிறத்தைப் பொறுத்தவரை ஒரு நுட்பம் உண்டு. மான்களின் கண்ணுக்குச் சிவப்பும் ஆரஞ்சும் மங்கலாகவே தெரியும், நீலம் பளிச்சென்று தெரியும். பறவைகளோ நம்மைவிடவும் கூடுதலான நிறங்களைக் காண்பவை. ஆகவே காய்ந்த புல், மண், பாசி ஆகியவற்றின் நிறங்களே எல்லாவற்றுக்கும் பொது. வேட்டை அனுமதிக்கப்பட்ட நாடுகளில் மட்டும், வேட்டைப் பருவத்தில் பளிச்சென்ற ஆரஞ்சு மேலாடை அணிவது உயிர்க்காப்பு. வாசனைத் திரவியம் எந்தக் காட்டுக்கும் ஆகாது.

விசில், ஹெட்லாம்ப், அச்சிட்ட வரைபடம், பவர் பேங்க், மழைச்சட்டை, கட்டுத்துணி, நுனி மெல்லிய சாமணம் ஆகியவை சிறியவை. அவற்றை விட்டுவிட்டுப் போவதற்கு எந்தக் காரணமும் இல்லை. கைபேசியில் அந்தப் பகுதியின் வரைபடத்தை முன்பே தரவிறக்கிக்கொண்டு ஏரோபிளேன் மோடில் வைத்தால் மின்கலம் நாள் முழுதும் வரும்; ஜி.பி.எஸ். நேராகச் செயற்கைக்கோள்களிடமிருந்து சமிக்ஞை பெறுவதால் கைபேசிக் கோபுரம் இல்லாத இடத்திலும் நம் இருப்பிடத்தைக் காட்டும். காலணி புதிதாக இருக்கக் கூடாது. குதிகாலிலோ விரலிலோ லேசாகச் சூடு தெரிந்த உடனே நின்று, காலுறையைக் கழற்றி, அந்த இடத்தில் ஒட்டுத்துணியை ஒட்டிவிடுங்கள். அடுத்த திருப்பத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் அதற்குள் கொப்புளம் எழும்பிவிடும்.

நடப்பதும் நிற்பதும்

பாதையில் இருபது முப்பது அடி நடந்ததும் நில்லுங்கள். ஒரு நிமிடம் அசையாமல் கேளுங்கள். பிறகு மறுபடி நடங்கள். இந்த நடை முதலில் பொறுமையைச் சோதிக்கும். அரை மணி நேரத்தில் காது பழகி, காய்ந்த இலை தானாக விழும் ஓசைக்கும் ஏதோ ஒன்று அதை மிதிக்கும் ஓசைக்கும் வேறுபாடு தெரியத் தொடங்கும். முழு விலங்கைத் தேடாதீர்கள். நெட்டுக்குத்தாக நிற்கும் மரங்களுக்கிடையே கிடையாக ஓடும் ஒரு கோடு மானின் முதுகாக இருக்கலாம்; காற்றில்லாத நேரத்தில் ஒரே ஓர் இலை அசைந்தால் அது இலையல்ல, காதாக இருக்கலாம். தெரிந்துவிட்டால் பார்வையை அதன் மேலிருந்து எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்கு உயர்த்த வேண்டும். குனிந்து கருவியைப் பார்த்துவிட்டு நிமிர்கிறவர் அதே இடத்தை மறுபடி தேட வேண்டியிருக்கும். 8x42 என்று குறிக்கப்பட்ட பைனாகுலர் காட்டு நடைக்கு ஏற்றது: எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும், 42 மில்லிமீட்டர் விட்டமுள்ள முன்வில்லை நிழலிலும் போதிய வெளிச்சத்தை உள்ளே விடும்.

காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்பதை அடிக்கடி கவனியுங்கள். ஒரு பிடி பொடி மண்ணைத் தூவினாலே தெரிந்துவிடும். பெரும்பாலான பாலூட்டிகள் நம்மைக் கண்ணால் காண்பதற்கு வெகு முன்பே மூக்கால் அறிந்துவிடுகின்றன. காற்று விலங்கிடமிருந்து நம்மை நோக்கி வீசும்போதுதான் அது தன் போக்கில் இருப்பதைப் பார்க்க முடியும்.

இங்கே ஒரு முரண்பாடு எழுகிறது. சத்தமில்லாமல், எதிர்க்காற்றில் நடந்தால் நிறையப் பார்க்கலாம். ஆனால் அப்படி நடப்பவரே கரடியையோ யானையையோ பத்தடி தூரத்தில் திடுக்கிட வைக்கிறார். இதற்குத் தீர்வு இடம் பார்த்து நடந்துகொள்வது. முன்னால் நூறு மீட்டராவது தெரியும் திறந்த இடத்தில் அமைதியாக நடங்கள். பாதை திரும்பி மறையும் இடம், இருபுறமும் ஆளுயரப் புதர், இரைச்சலோடு பாயும் ஓடைக்கரை ஆகியவற்றை நெருங்கும்போது இயல்பான குரலில் பேசிக்கொண்டோ கைதட்டிக்கொண்டோ செல்லுங்கள். தனியாகச் செல்வதைவிட நான்கைந்து பேர் கொண்ட குழு நல்லது. கனடாவின் மலைப் பூங்காக்களில் கரடிகள் நடமாடும் சில பாதைகளில், குறிப்பிட்ட பருவத்தில் நான்கு பேருக்குக் குறையாமல்தான் செல்ல வேண்டும் என்ற விதியே இருக்கிறது. காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு நடப்பதை நான் எந்தக் காட்டிலும் ஏற்கமாட்டேன். அது பார்ப்பதையும் கெடுக்கிறது, எச்சரிக்கையையும் கெடுக்கிறது.

அந்த எச்சரிக்கை பெரும்பாலும் மற்ற விலங்குகளிடமிருந்தே வரும். தெற்காசியக் காடுகளில் மந்திகள் உயர்ந்த கிளையில் அமர்ந்து சுற்றிலும் கண்காணிக்க, கீழே புள்ளிமான்கள் அவை உதிர்க்கும் தழைகளைத் தின்றுகொண்டிருக்கும். புலியோ சிறுத்தையோ வந்தால் மந்தி கரகரத்த குரலில் இருமுவதுபோல் கத்தும். மான்கள் காதை நிமிர்த்தி, முன்னங்காலால் தரையைத் தட்டும். அப்போது மந்தியைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட, மந்தி எந்தத் திசையைப் பார்க்கிறது என்று பார்ப்பதே பயன்தரும். ஒரு மரத்தைச் சுற்றிச் சிறு பறவைகள் கூடிக் கூச்சலிட்டால், இலைகளுக்கிடையே ஆந்தையோ பாம்போ இருக்க வாய்ப்புண்டு.

விலங்கைக் காணாத நேரத்திலும் அதன் எழுத்து தரையில் இருக்கும். பூனை இனத்தின் தடத்தில் நகக்குறி பெரும்பாலும் இருக்காது, நடக்கும்போது நகங்கள் உள்ளிழுக்கப்பட்டிருக்கும். நாய், ஓநாய், செந்நாய் ஆகியவற்றின் தடத்தில் நகக்குறி தெரியும். கரடியின் பின்னங்கால் தடம் ஐந்து விரல்களோடு மனிதப் பாதத்தை நினைவூட்டும். ஆசிய யானையின் முன்னங்கால் தடம் தெளிவாகப் பதிந்திருந்தால் ஒரு கயிற்றால் அதன் சுற்றளவை அளந்து இரண்டால் பெருக்குங்கள். அதுவே ஏறக்குறைய அதன் தோள் உயரம். 1.3 மீட்டர் சுற்றளவுள்ள தடம் என்றால், 2.6 மீட்டர் உயரமுள்ள யானை அவ்வழியே சென்றிருக்கிறது. தடத்தின் விளிம்பு கூர்மையாக, உள்ளே சருகோ சிலந்தி இழையோ விழாமல் இருந்தாலும், சாணம் ஈரம் மின்னிச் சூடாக இருந்தாலும், தடத்தை ஆராய்வதை நிறுத்திவிட்டுச் சுற்றுமுற்றும் பார்க்க வேண்டிய நேரம் அது.

எவ்வளவு தூரம் தள்ளி நிற்பது

அமெரிக்காவின் எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் கரடி, ஓநாய், பூமா (அமெரிக்கக் கண்டத்துப் பெரிய பூனை இனம்) ஆகியவற்றிடமிருந்து 91 மீட்டரும், மற்ற பெரிய விலங்குகளிடமிருந்து 23 மீட்டரும் விலகி நிற்க வேண்டும் என்பது விதி. அளவுகோல் இல்லாதபோது கையை முழுதாக நீட்டிக் கட்டைவிரலை உயர்த்துங்கள். விலங்கு முழுவதும் விரலுக்குப் பின்னால் மறைந்தால் நல்ல தூரத்தில் இருக்கிறோம் என்று கொள்ளலாம். இவற்றையெல்லாம்விட நம்பகமான அளவு, அந்த விலங்கின் நடத்தைதான். அது மேய்வதை நிறுத்தித் தலை நிமிர்ந்தால், காதை நம் பக்கம் திருப்பினால், குட்டியை மறுபக்கம் தள்ளினால், நாம் ஏற்கெனவே நெருங்கிவிட்டோம். அசையாமல் நின்று, அது மறுபடி மேயத் தொடங்கிய பிறகு மெல்லப் பின்வாங்க வேண்டும். குளிர்காலத்திலோ கோடையிலோ இரை குறைந்திருக்கும் விலங்குக்கு ஒவ்வொரு ஓட்டமும் சக்தி இழப்பு. கூட்டை விட்டு எழுப்பப்பட்ட பறவையின் முட்டை குளிர்ந்துபோகும்.

ஆகையால் படம் எடுப்பதற்காகக் கூட்டருகே செல்வது, ஃபிளாஷ் அடிப்பது, பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பது, டிரோன் பறக்கவிடுவது ஆகிய எதையும் செய்யக் கூடாது. குரங்குக்கு ஒரு பழத்துண்டைக் கொடுப்பதுகூடத் தீங்குதான். மனிதரின் பையில் உணவு இருக்கிறது என்று கற்றுக்கொண்ட குரங்கு அடுத்து வருபவரின் பையைப் பிடுங்கும், பிறகு தொல்லை தரும் விலங்கு என்ற பெயரில் பிடிபடும். குரங்கின் எதிரே பல்லைக் காட்டிச் சிரிப்பதையும் உற்றுப் பார்ப்பதையும் தவிருங்கள். அவை அதை மிரட்டலாகவே எடுத்துக்கொள்ளும்.

எதிரே வந்துவிட்டால்

யானை காதை விசிறி, வாலை ஆட்டியபடி மேய்ந்தால் அமைதியாக இருக்கிறது. அசைவை நிறுத்தி, தும்பிக்கையை உயர்த்தி மோப்பம் பிடித்தால் நம்மை அறிந்துகொண்டது. காதுகளை அகல விரித்து, தலையை ஆட்டி, மண்ணை வாரி இறைப்பது பெரும்பாலும் எச்சரிக்கை. காதுகளைப் பின்னுக்கு ஒட்டவைத்து, தும்பிக்கையை உள்ளே சுருட்டிக்கொண்டு சத்தமின்றி வருவது உண்மையான தாக்குதலாக இருக்கக்கூடும். முதல் அறிகுறியிலேயே வந்த வழியே பின்வாங்கிவிட வேண்டும். யானை மணிக்கு ஏறக்குறைய 25 கிலோமீட்டர் வேகத்தில் ஓடக்கூடியது. கரடுமுரடான தரையில் முதுகுப்பையோடு ஓடும் மனிதரால் அதை முந்த முடியாது. துரத்தினால் பையையோ மேலாடையையோ வழியில் போட்டுவிட்டு, பெரிய மரம், பாறை, ஆழமான பள்ளம் ஆகிய ஏதாவது ஒன்றை இடையில் கொண்டுவர முயலுங்கள். யானையால் தாவ முடியாது. கூட்டத்திலிருந்து விலகி நிற்கும் குட்டியைக் கண்டால் அதன் தாய் நமக்குப் பின்னால் இருக்கலாம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

கரடியிடமும் சிறுத்தையிடமும் முதல் விதி ஒன்றே: ஓடக் கூடாது, முதுகைக் காட்டக் கூடாது. கரடி மணிக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர் வேகத்தை எட்டக்கூடியது. அது நம்மைக் கவனிக்கவில்லை என்றால் ஓசையின்றி விலகுங்கள். கவனித்துவிட்டால் தாழ்ந்த குரலில் பேசி, கைகளை மெல்ல அசைத்து, மனிதர் என்பதை உணர்த்தியபடி பக்கவாட்டில் பின்வாங்குங்கள். பழுப்புக் கரடி தன்னைக் காத்துக்கொள்ள மோதித் தாக்கினால், பையைக் கழற்றாமல் குப்புறப் படுத்து, விரல்களைக் கோத்துப் பிடரியை மூடி, அசையாமல் கிடக்க வேண்டும் என்பதும், அமெரிக்கக் கருங்கரடி தாக்கினால் எதிர்த்துப் போராட வேண்டும் என்பதும் அந்நாட்டுப் பூங்காத் துறையின் அறிவுரை. சிறுத்தையோ பூமாவோ எதிர்ப்பட்டால் நிமிர்ந்து நின்று, மேலாடையை விரித்துப் பெரிதாகத் தோன்றி, உரக்கக் குரல் கொடுங்கள். சிறுவர்கள் உடன் இருந்தால் குனியாமல் அவர்களைத் தூக்கிக்கொள்ளுங்கள், ஏனெனில் குனிந்த உருவம் அதற்கு இரையின் உருவம்.

பெரிய விலங்குகளைப் பற்றியே அஞ்சுகிறவர்கள் காலடியை மறந்துவிடுகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி பாம்புக்கடியால் ஆண்டுதோறும் 81,000 முதல் 1,38,000 பேர் வரை இறக்கிறார்கள். பாதையில் விழுந்து கிடக்கும் மரத்தைத் தாண்டிக் குதிக்காமல், அதன் மேல் ஏறி நின்று, மறுபக்கம் பார்த்த பிறகு காலை இறக்குங்கள். கண்ணுக்குத் தெரியாத பாறை இடுக்கில் கையை ஊன்றாதீர்கள். கடிபட்டால் கடிவாயைக் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கயிறு கட்டுவது ஆகியவை கேடு. மோதிரம், கைக்கடிகாரம், காலணி ஆகியவற்றை வீக்கம் வரும் முன் கழற்றி, கடிபட்ட உறுப்பைக் குச்சி வைத்து அசையாமல் கட்டி, கடித்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, முடிந்தவரை நடக்க விடாமல் தூக்கிச் சென்று, விஷமுறிவு மருந்துள்ள மருத்துவமனைக்குக் கொண்டுசேர்க்க வேண்டும். பாம்பைப் பிடிக்கவோ அடிக்கவோ முயன்று இன்னொருவர் கடிபடுவது அடிக்கடி நடப்பதால், அந்த முயற்சியே வேண்டாம்.

எல்லா விதிகளுக்கும் விலக்காக, உடனே ஓட வேண்டிய ஒரே இடம் தேனீக் கூட்டம். பாறை விளிம்பிலோ உயர்ந்த கிளையிலோ கறுத்துத் தொங்கும் மலைத்தேனீ அடையின் கீழே புகை, உரத்த சத்தம், வாசனை எதுவும் கூடாது. ஒரு தேனீ கொட்டினால் அது விட்டுச்செல்லும் மணம் மற்றவற்றையும் அந்த இடத்துக்கே அழைக்கும். எனவே நின்று கைகளை வீசாமல், சட்டையால் முகத்தை மூடியபடி, மூடிய வாகனத்தையோ கட்டடத்தையோ அடர்ந்த புதரையோ நோக்கித் தொடர்ந்து ஓடுங்கள். தண்ணீரில் மூழ்குவது பயன்தராது. மூச்சுக்குத் தலையை உயர்த்தும்வரை அவை மேலே காத்திருக்கும். கொடுக்குகளை எவ்வளவு சீக்கிரம் சுரண்டி எடுக்கிறோமோ அவ்வளவு குறைவாக விஷம் ஏறும்.

அட்டைக்கு உப்பும் தீக்குச்சியும் தேவையில்லை. அது கடித்துள்ள சிறிய முனைக்கு அடியில் நகத்தைக் கொடுத்துத் தள்ளினால் விட்டுவிடும். அதன் எச்சிலில் இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹிருடின் இருப்பதால் கடிவாய் சிறிது நேரம் கசியும், அதற்காக அஞ்ச வேண்டாம்.

வானமும் வழியும்

மின்னலுக்கும் இடிக்கும் இடையே உள்ள நொடிகளை எண்ணி மூன்றால் வகுத்தால் மின்னல் எத்தனை கிலோமீட்டர் தொலைவில் என்று தெரியும். 30 நொடிக்குள் இடி கேட்டால் முகடு, தனி மரம், திறந்த வெளி, நீர்நிலை ஆகியவற்றை விட்டு இறங்கிவிட வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை மீண்டும் ஏறக் கூடாது. ஓடையைக் கடக்கும்முன் பையின் இடுப்புப் பட்டையையும் மார்புப் பட்டையையும் அவிழ்த்துவிடுங்கள். தவறி விழுந்தால் பையை உடனே கழற்ற முடியும். முழங்காலுக்கு மேல் வேகமாக ஓடும் தண்ணீரிலும், கலங்கிப் பெருகிவரும் தண்ணீரிலும் இறங்க வேண்டாம். தலைக்கு மேல் வானம் தெளிவாக இருந்தாலும் மேல்மலையில் பெய்த மழை கீழே வெள்ளமாக வரும்.

வழி தவறியதாகத் தோன்றினால் உடனே நின்றுவிடுங்கள். உட்கார்ந்து தண்ணீர் குடித்து, கடைசியாகச் சரியாக இருந்த இடம் எது என்று யோசியுங்கள். தெரியாத பள்ளத்தாக்கில் கீழ்நோக்கி இறங்கிக்கொண்டே போவதுதான் பலரைத் தேடுவோரின் எல்லைக்கு வெளியே கொண்டுபோகிறது. நிமிடத்துக்கு ஆறு முறை விசில் ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் ஊதுவது மலைப்பகுதிகளில் பரவலாக அறியப்பட்ட உதவிக் குறி. வட அமெரிக்காவில் மூன்று முறை. மலம் கழிக்க வேண்டி வந்தால் நீர்நிலையிலிருந்து 60 மீட்டராவது தள்ளி, 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் குழி தோண்டி மூடிவிட வேண்டும்.

திரும்பிய பின்

காலணியில் ஒட்டிய சேற்றையும் விதைகளையும் கழுவாமல் வேறொரு காட்டுக்குப் போகக் கூடாது. தவளைகளை உலகெங்கும் அழித்துவரும் கைட்ரிட் பூஞ்சை ஈர மண்ணோடும் ஓடை நீரோடும் இடம்விட்டு இடம் செல்லக்கூடியது; கழுவி முழுதாக உலர்த்துவது எளிய தடுப்பு. அன்று கண்ட உயிரினங்களை இடம், நேரத்தோடு இ-பேர்ட், ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்களில் பதிந்தால் அது ஆய்வாளர்களுக்கும் பயன்படும். அழிவின் விளிம்பில் இருக்கும் பல இனங்களின் துல்லியமான இடத்தை அத்தளங்களே மறைத்துவிடுகின்றன. சமூக ஊடகத்தில் படம் போடும்போது அதே கட்டுப்பாட்டை நாமே கடைப்பிடித்து, கூட்டின் இருப்பிடத்தையும் ஆந்தை அமரும் மரத்தையும் வெளியிடாமல் இருக்க வேண்டும்.

குளிக்கும்போது அக்குள், தொடையிடுக்கு, முழங்காலின் பின்புறம், காதுமடலின் பின்புறம், தலைமுடி ஆகிய இடங்களில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். இருந்தால் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக மேலே இழுத்து, அந்த இடத்தைச் சோப்பால் கழுவுங்கள். அடுத்த சில வாரங்களில் காய்ச்சல், கடும் தலைவலி, படர்ந்துவரும் செந்தடிப்பு, கறுத்துப்போன சிறு பொருக்கு ஆகியவற்றில் ஏதேனும் தோன்றினால், காட்டுக்குச் சென்ற தேதியையும் இடத்தையும் மருத்துவரிடம் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். உண்ணியும் நுண்சிலந்தியும் பரப்பும் லைம் நோய், ஸ்க்ரப் டைஃபஸ் போன்றவற்றுக்கு நல்ல மருந்து உண்டு, அதை அவர் விரைவில் தொடங்க அந்தத் தகவல் உதவும்.